நினைவு மண்டபத்துக்காக பிள்ளைங்க படிப்பை நிறுத்தாதீங்க: குடியாத்தம் அறக்கட்டளை அறங்காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அறங்காவலர்களுக்கு,

போன மாசம் உங்க ஆபீஸ் கதவுல ஒட்டின நோட்டீஸை யாரோ போட்டோ எடுத்து எங்க ஸ்கூல் டீச்சருங்க குரூப்ல போட்டாங்க. இந்த வருஷமும் அடுத்த வருஷமும் படிப்பு உதவி கிடையாது, அறக்கட்டளைக்கு சொத்தை எழுதி வச்ச உங்க தாத்தா ஆயா பேர்ல நினைவு மண்டபம் கட்டி முடிக்கிற வரைக்கும் அறக்கட்டளை வருமானம் முழுக்க அதுக்குத்தான், அதுக்கப்புறம் உதவி கொடுத்தாலும் ஆன்லைன்ல அப்ளை பண்ணணும், பிளஸ் டூல 80 சதவீதம் மார்க் இருக்கணும், வேலூர் மாவட்டத்து அட்ரஸ் இருக்கணும், செக்கை விழா மேடையில வந்து வாங்கிக்கணும்னு அதுல இருக்கு. படிச்சதுல இருந்து மனசு ஆறல. நேர்ல வந்து உங்ககிட்ட சொல்லலாம்னு ரெண்டு தடவை வந்தேன், மேனேஜர் லெட்டரை வாங்கி வச்சிகினாரு, பதில் வரல. அதனாலதான் எல்லாரும் பாக்குற மாதிரி எழுதறேன்.

நான் யாருன்னு சொல்லிடறேன். எங்கம்மா பீடி சுத்தினவங்க. ராத்திரி இலையை நனைச்சி வச்சி, விடியக்காலையில கத்தரியால வெட்டி, முறத்தை மடியில வச்சிகினு சாயங்காலம் வரைக்கும் உக்காந்து ஆயிரம் பீடி போட்டு கட்டு கட்டினாதான் அன்னிக்கு கூலி, அதுலயும் ஏஜென்ட் கழிவுன்னு ஒரு பிடி எடுத்து தள்ளி போட்டுடுவான். பீடித் தொழிலாளி பிள்ளைங்களுக்கு சர்க்கார் ஸ்காலர்ஷிப் இருக்கு, 1976ல நல நிதி சட்டமே வந்தாச்சு, ஆனா அடையாள அட்டை வேணும், எங்கம்மா அடுத்தவங்க பேர்ல இருந்த பீடி கம்பெனி பாஸ்புக்ல பீடி போட்டவங்க, அதனால எங்களுக்கு அது எட்டல. இப்பவும் குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் அப்படி எத்தனையோ வீடு இருக்கு. தொண்ணூறுகள்ல, இது வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டமா இருந்த காலத்துல, நான் பிளஸ் டூ முடிச்சி காலேஜ்ல சீட் வாங்கினேன். பணம் கட்ட வழியில்ல. அம்மா என்னை கூட்டிகினு உங்க வீட்டுக்குத்தான் வந்தாங்க.

அன்னிக்கு நடந்ததை எழுதறது என் கதையை சொல்றதுக்கு இல்ல, அங்க என்ன கேட்டாங்க, என்ன கேக்கலன்றது உங்களுக்கு தெரியணும்னுதான். தாத்தா குழித்தறியில உக்காந்து இருந்தாரு. அப்பவே அவருகிட்ட பாவு நூல் வாங்கிப் போயி லுங்கி நெய்யறவங்க சுத்துப்பட்டு ஊருங்கள்ல நிறைய பேரு, ஆனாலும் தன் தறியை விடல. ஆயா ராட்டையில தார் நூல் சுத்திகினு இருந்தாங்க. மார்க் ஷீட்டை அம்மா நீட்டினாங்க, ஆயா அதை வாங்கிக்கவே இல்ல. "இன்னாம்மா, பணம் கட்ட கடைசி நாளு எப்போ?" அவ்ளோதான் கேட்டாங்க. நாளைக்குன்னு சொன்னதும் உள்ள போயி அரிசி டின்னுல இருந்து பணத்தை எடுத்து, ஒரு பழைய கல்யாணப் பத்திரிக்கை கவரை உள்பக்கம் வெளியில வர்ற மாதிரி திருப்பி ஒட்டி வச்சிருந்தாங்க, அதுல போட்டு அம்மா கையில கொடுத்துட்டு, "அப்புறம் ஏன் நின்னுகினு கீறீங்க, பஸ்ஸு போயிடும்"னு சொன்னாங்க. தாத்தா தறியை விட்டு எழுந்திரிக்கவே இல்ல, தலையை மட்டும் ஆட்டினாரு. காபி கூட கொடுக்கல. அந்த வீட்டுல காபி போட்டு நான் பாத்ததே இல்ல.

உங்க பெரியவங்க எப்படி சேத்தாங்கன்றதை உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியது இல்ல, ஆனா நோட்டீஸை படிச்சா மறந்துட்டீங்களோன்னு தோணுது. குடியாத்தம் ஸ்டேஷன் ஊரை விட்டு தள்ளி இருக்கு, தாத்தா லுங்கி மூட்டையை தோள்ல போட்டுகினு அங்க நடந்தே போவாரு, வரும்போதும் நடைதான். தினம் கிழிக்கிற காலண்டர் தாளை தூக்கிப் போடாம பின்பக்கம் கணக்கு எழுதி, மிச்சம் விழுந்த ஊடை நூலால தைச்சி புக்கு மாதிரி வச்சிருப்பாரு. ராத்திரி ரெண்டு வேலையும் ஒரே பல்பு வெளிச்சத்துல நடக்கணும்னு தறிக்கும் ராட்டைக்கும் நடுவுல பல்பை தொங்க விட்டிருந்தாங்க. களியும் வேர்க்கடலை சட்னியும்தான் சாப்பாடு. ஓட்டு வீட்டை மாத்தி மாடி வீடு கட்டலாம்னு சொந்தக்காரங்க எத்தனை தடவை சொல்லியும் கேக்கல. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல கடைங்களும் தென்னந்தோப்பும் வாங்கினாங்க, வாங்கினதை எல்லாம் வயசான காலத்துல அறக்கட்டளைக்கே எழுதி வச்சாங்க.

ஊர்ல சிலபேரு அவங்களை கஞ்சம்னு சொன்னது எனக்கும் தெரியும். அந்த வீட்டு வாசப்படி ஏறினவங்க யாரும் அப்படி சொல்ல மாட்டோம். ஏன்னா அவங்க தனக்கு செலவு பண்ண யோசிச்சாங்களே தவிர அடுத்தவன் பிள்ளை பீசுக்கு ஒருநாளும் யோசிக்கல. ஒரு காபி, ஒரு பஸ் டிக்கெட், ஒரு பல்புன்னு மிச்சம் பிடிச்சதுதான் எங்க காலேஜ் பீஸா வந்துச்சு. அந்த காசுல ஏசி ஹாலும், சாப்பாட்டுக் கூடமும், வாசல்ல வெண்கலச் சிலையும் வைக்கப் போறோம்னு சொல்றப்ப, அதை அவங்களுக்கு மரியாதைன்னு என்னால ஏத்துக்க முடியல.

உங்க பக்கம் சொல்ற நியாயத்தையும் கேட்டேன். சின்னச் சின்னதா வருஷா வருஷம் கொடுக்கறது வெளிய தெரியாமலே போயிடுது, நிலைச்சி நிக்கிற மாதிரி ஒண்ணு இருக்கணும், இப்போதான் அரசாங்கமே நிறைய கொடுக்குதே, இதுதான் சாரம்னு மேனேஜர் சொன்னாரு. ஒவ்வொண்ணா சொல்றேன்.

அரசாங்கம் கொடுக்குது, இல்லன்னு சொல்லல. 2010ல இருந்து முதல் தலைமுறை பட்டதாரிக்கு டியூஷன் பீஸ் சலுகை இருக்கு, ஆனா அது கவுன்சிலிங்ல சீட் எடுக்குற இன்ஜினியரிங் மாதிரி தொழில் படிப்புக்குத்தான். 2022ல புதுமைப் பெண் வந்துச்சு, 2024ல பசங்களுக்கு தமிழ்ப் புதல்வன் வந்துச்சு, மாசம் 1,000 ரூபா அக்கவுண்ட்ல விழுது, எங்க ஸ்கூல் பிள்ளைங்க எத்தனையோ பேரு அதனாலதான் காலேஜ்ல நிலைச்சி இருக்காங்க. ஆனா அந்த பணம் எல்லாம் சேந்ததுக்கு அப்புறம் வர்றது. சேர்றதுக்கு முன்னாடி கட்ட வேண்டியது ஒண்ணு இருக்கு பாருங்க, அட்மிஷன் பீஸ், ஹாஸ்டல் அட்வான்ஸ், முதல் மாச மெஸ், யூனிபார்ம், புக்கு, அதெல்லாம் மே ஜூன்ல ஒரே வாரத்துல வந்து கழுத்தை நெரிக்கும். ஸ்காலர்ஷிப் பணம் வர்றதுக்குள்ள பாதி வருஷம் ஓடிடும். அந்த இடைவெளியிலதான் எங்க பிள்ளைங்க நின்னுபோறாங்க, தாத்தா ஆயா கை கொடுத்ததும் சரியா அந்த இடைவெளியிலதான். கடைசி நாளு எப்போன்னு ஆயா ஏன் கேட்டாங்கன்னு ஒரு டீச்சரா இத்தனை வருஷம் நின்னு பாத்ததுக்கு அப்புறம்தான் எனக்கு முழுசா விளங்குது.

போன வருஷமே நீங்க உதவியை பாதியா குறைச்சிட்டீங்க. அதுல என்ன ஆச்சுன்னு சொல்றேன். எங்கிட்ட படிச்ச பொண்ணு ஒருத்தி, அப்பா தறிக்காரரு, ஒரு நர்சிங் காலேஜ்ல இடம் கிடைச்சிது. உங்க ஆபீஸ்ல அடுத்த மீட்டிங்ல பாக்கறோம்னு சொன்னாங்க, மீட்டிங் தள்ளிப் போச்சு, கடைசி தேதி தள்ளிப் போகல. இப்போ அவ விடிகாலையில தூக்குச்சட்டியை எடுத்துகினு மெயின் ரோட்டுல நின்னு ஆம்பூர் ஷூ கம்பெனி வேன் ஏறுறா. நான் ஸ்கூலுக்கு போறப்ப சில நாள் எதிர்ல பாக்கறேன், சிரிச்சிட்டு முகத்தை திருப்பிக்கறா. ஷூ கம்பெனி வேலை மட்டம்னு நான் சொல்லல, நம்ம பக்கத்துல ஆயிரக்கணக்கான வீட்டுல அடுப்பு எரியறதே அதாலதான். ஆனா அவ படிக்கணும்னு இருந்தா, இடமும் கிடைச்சிது, சில ஆயிரம் ரூபா சரியான நாள்ல வரல, அதுதான் நடந்தது. இன்னொரு பையனுக்கு பாலிடெக்னிக் ஹாஸ்டல் அட்வான்ஸ் கட்ட அவங்கம்மா குழு லோன் எடுத்தாங்க, வாரா வாரம் தவணை கட்டணும், அதை கட்டறதுக்கு அவனே சனி ஞாயிறு பிரியாணிக் கடையில பாத்திரம் கழுவறான். நான் எங்க வீட்டுல இருந்து முடிஞ்சதை கொடுத்தேன், மத்த டீச்சருங்களும் போட்டாங்க, எல்லா பிள்ளைக்கும் எங்களால முடியல.

இப்போ 80 சதவீதம் மார்க். தாத்தா ஆயா இதை எப்பவும் பாக்கல. ஆயா ஒரு கோடு போட்ட நோட்டு வச்சிருந்தாங்க, அது இன்னும் உங்ககிட்டதான் இருக்கும்னு நம்பறேன். பிள்ளை பேரு, எந்த ஊரு, என்ன படிப்பு, கடைசி நாளு, எவ்ளோ. மார்க்குக்கு அதுல கட்டமே கிடையாது. ராத்திரி பதினோரு மணி வரைக்கும் அம்மாகூட உக்காந்து பீடி மடிக்கிற பொண்ணு, தார் சுத்திட்டு ஸ்கூலுக்கு வர்ற பையன், இவங்க 62 எடுத்தா அது எனக்கு பெரிய மார்க்கு. 80க்கு மேல எடுக்கற பிள்ளைக்கு காலேஜ்காரங்களே சலுகை தர்றாங்க, ஸ்பான்சர் தேடி வர்றாங்க. 62 எடுத்தவனுக்கு யாரு இருக்கா? உங்க தாத்தாதான் இருந்தாரு.

வேலூர் மாவட்டத்து அட்ரஸ்ன்றது இன்னொண்ணு. அறக்கட்டளைப் பத்திரத்துல நிலம் எழுதி இருக்கறதால அதோட நகலை சார்பதிவாளர் ஆபீஸ்ல யாரு வேணும்னாலும் பணம் கட்டி வாங்கலாம், வாங்கி படிச்சேன். அதுல வட ஆற்காட்டுல நெசவு, பீடி, கூலி வேலை செய்யறவங்க பிள்ளைங்க படிப்புக்கும் வைத்தியத்துக்கும்னு தெளிவா இருக்கு. 2019ல மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்னு மூணா பிரிஞ்சது கலெக்டர் ஆபீசுக்காக. ஆம்பூர்லயும் வாணியம்பாடியிலயும் பீடி சுத்துற அம்மாவோட கஷ்டம் அந்த தேதியில பிரிஞ்சி போகல. தாத்தாவுக்கு லுங்கி நெய்து கொடுத்தவங்கள்ல பாதி பேரு ஊரு இன்னிக்கு அடுத்த மாவட்டத்துல இருக்கு. அவங்க நெசவுலயும்தான் இந்த சொத்து வந்துச்சு.

அதே பத்திரத்துல மண்டபம்னு ஒரு வார்த்தை இல்ல. அறக்கட்டளைக்கு வரி விலக்கு வேணும்னா வருஷ வருமானத்துல 85 சதவீதத்தை அறக்கட்டளை நோக்கத்துக்கு செலவு பண்ணணும்னு வருமான வரிச் சட்டம் சொல்லுது, உங்க ஆடிட்டருக்கு தெரியாதது இல்ல. வாடகைக்கு விடப்போற ஏசி ஹாலு நெசவாளி பிள்ளை படிப்புன்ற நோக்கத்துல எங்க வருதுன்னு நீங்களே சொல்லுங்க. பொது அறக்கட்டளை நோக்கத்தை விட்டு போனா, அதுல அக்கறை உள்ளவங்க ரெண்டு பேரு சேந்து கோர்ட்டு அனுமதியோட கேஸ் போடலாம்னு உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92வது பிரிவுல இருக்கு. அந்த வீட்டு உப்பைத் தின்னுட்டு அந்தப் பேரை கோர்ட்டு வாசலுக்கு கொண்டு போக எனக்கு மனசு வராது, நீங்களும் அந்த நிலைமைக்கு விடமாட்டீங்கன்னு நம்பறேன். ஆனா எங்களுக்கு கேக்க உரிமை இருக்குன்றதை நீங்க தெரிஞ்சிக்கணும்.

மேடை விஷயம்தான் எனக்கு ரொம்ப வலிக்குது. போன விழாவுல வைத்திய உதவி வாங்கினவங்களை வரிசையா நிக்க வச்சி, பெரிய அட்டையில செக்கு மாதிரி எழுதி கையில கொடுத்து, போட்டோ எடுத்து எல்லா ஸ்டேட்டஸ்லயும் போட்டீங்க. அதுல ஒரு பெரியவரு, கேன்சருக்கு மருந்து சாப்பிடறவரு, தன் வியாதி இன்னதுன்னு சொந்த மகளுக்கே சொல்லாம இருந்தாரு, அந்த போட்டோவை பாத்துதான் மகளுக்கு தெரிஞ்சிது. மேடையில ஏறணும்னா எனக்கு வேணாம் மிஸ்னு எங்கிட்டயே ரெண்டு பிள்ளைங்க சொல்லிட்டாங்க. பத்தாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் படிக்கிற வயசு, கூட படிக்கிறவங்க முன்னாடி இல்லாதவன்னு அட்டை பிடிச்சி நிக்கறது எவ்ளோ கூசும்னு நினைச்சி பாருங்க. பத்திரிக்கை கவரை உள்பக்கமா திருப்பி ஒட்டி அதுல பணம் வச்சி கொடுத்த ஆயா பேர்ல நடக்குற விழா அது.

நிலைச்சி நிக்கிற மாதிரி ஒண்ணு வேணும்னு சொல்றீங்கள்ல, அதுக்கு நம்ம வேலூர்லயே ஒண்ணு இருக்கு. சி.எம்.சி. ஆஸ்பத்திரியை உருவாக்கின டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மா 1900ல ஒத்தைக் கட்டிலோட வைத்தியம் பாக்க ஆரம்பிச்சப்ப, நியூயார்க்குல ஷெல்னு ஒரு பேங்க்காரரு, இறந்துபோன தன் சம்சாரம் ஞாபகமா 10,000 டாலர் கொடுத்தாரு. அந்த பணத்துலதான் 1902ல மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி வந்துச்சு. அந்த மேரி அம்மா முகம் எப்படி இருக்கும்னு நம்ம ஊர்ல யாருக்கும் தெரியாது. ஆனா இன்னிக்கும் ஆரணி ரோட்டுல கண்ணு ஆபரேஷனுக்கு போறவங்க "ஷெல்லுக்கு போயிட்டு வரேன்"னுதான் சொல்றாங்க, எங்கம்மாவுக்கு புரை எடுத்ததும் அங்கதான். நூறு வருஷத்துக்கு மேல ஒரு பேரு வாயில நிக்குதுன்னா அந்த வாசல்ல தினமும் யாரோ ஒருத்தருக்கு கண்ணு தெரிய ஆரம்பிக்குது, அதான் காரணம். கட்டடமே கூடாதுன்னு நான் சொல்லல. தாத்தா ஆயா பேர்ல குடியாத்தத்துல வெளியூர் பொண்ணுங்க தங்கி படிக்க ஒரு ஹாஸ்டல் கட்டுங்க, நாங்க செங்கல் தூக்கறோம். ஆனா அதையும் பிள்ளைங்க பீஸை நிறுத்திட்டு கட்ட வேணாம்.

நல்லது செஞ்சதையும் சொல்லணும். 2021 நவம்பர்ல மோர்தானா அணை நிரம்பி கவுண்டன்ய ஆத்துல வெள்ளம் வந்து கரையோர வீடுங்க போனப்ப, நீங்க யாரையும் அப்ளிகேஷன் கேக்கல, மீட்டிங் போடல, அன்னிக்கே அரிசியும் பாயும் கொண்டு வந்து இறக்கினீங்க. உங்கள்ல பெரியவரு, அண்ணன்னுதான் நான் கூப்பிடுவேன், முழங்கால் சேத்துல நின்னு மூட்டை இறக்கினதை நான் கண்ணால பாத்தேன். அன்னிக்கு ஊரே, தாத்தா ரத்தம்னு சொல்லிச்சு. அந்த அண்ணனைத்தான் இப்பவும் கேக்கறேன்.

எங்களுக்கு வேணும்ன்றது இதுதான். படிப்பு உதவியை நிறுத்தற முடிவை வாபஸ் வாங்குங்க, இந்த ஜூன்ல சேர்ற பிள்ளைங்களுக்கே அது கிடைக்கணும். மண்டபம் கட்டியே ஆகணும்னா அதுக்கு குடும்பத்துக்காரங்க சொந்தப் பணமோ தனியா வசூலோ பண்ணிக்குங்க, கடை வாடகையும் தோப்பு வருமானமும் பத்திரத்துல சொன்னதுக்கு மட்டும் போகட்டும். 80 சதவீதம் வேணாம், மாவட்ட எல்லையும் வேணாம், பழைய வட ஆற்காடு முழுக்க கொடுங்க. ஆன்லைன் இருக்கட்டும், கூடவே பேப்பர்ல எழுதி கொடுத்தாலும் வாங்கிக்குங்க, மே ஜூன் ரெண்டு மாசம் மட்டும் மீட்டிங்குக்கு காத்திருக்காம ரெண்டு அறங்காவலர் கையெழுத்து போட்டா மூணு நாள்ல பணம் நேரா காலேஜ் அக்கவுண்டுக்கு போற மாதிரி ஒரு ஏற்பாடு பண்ணுங்க, விவரம் சரிபாக்க எங்க மாதிரி டீச்சருங்க சம்பளம் வாங்காம வந்து உக்காருவோம். மேடை, அட்டை, போட்டோ மூணையும் விட்டுடுங்க, ஏற்கெனவே போட்ட போட்டோவை எடுத்துடுங்க. வருஷா வருஷம் வரவு செலவை ஆபீஸ் வாசல்ல ஒட்டுங்க, பேரு போடாம எத்தனை பிள்ளைங்களுக்கு எவ்ளோன்னு மட்டும் போதும். ஆயாவோட நோட்டை மண்டபத்துல கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கப் போறதா கேள்விப்பட்டேன், அதுக்கு பதிலா அதுல இருக்குற கட்டங்களையே உங்க அப்ளிகேஷன் பாரமா அடிச்சி கொடுங்க.

நம்ம ஊரு கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு முன்னாடி பிளஸ் டூ ரிசல்ட் வந்துடும், பிள்ளைங்க வந்து எங்கிட்ட கேப்பாங்க. அதுக்குள்ள எழுத்துல பதில் கொடுங்க.

இப்படிக்கு,
உங்க பெரியவங்க கொடுத்த பீஸ்ல படிச்சி, இன்னிக்கு அரசுப் பள்ளியில கணக்கு எடுக்குற ஒரு டீச்சர்,
குடியாத்தம்.